பழைய இருள் மரத் தடின்னு சொல்லி ரப்பர் மரத் தடி: 14,400 ரூபாய் போச்சு, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) செய்ய மரம் தேடுறவங்க கவனம்

பழைய ஓட்டு வீடு பிரிச்ச உத்தரம், கழுக்கோல், கதவு நிலை எல்லாம் வாங்கி விக்கிற டிப்போ. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல இருக்கு. பேரு போடல, போட்டா அடுத்த வாரமே வேற போர்டு மாட்டிருவாங்க. கன அடி 2,600 வீதம் 5 கன அடிக்கு 13,000, வண்டியும் ஏத்துகூலியும் 1,400, ஆக 14,400 ரூபாய். வந்ததுல முக்கால்வாசி பச்சை ரப்பர் மரம். மேல கரி ஆயில் பூசி நூறு வருஷப் பழசாக்கின ரப்பர்! எப்படி வாங்கணும், எதைப் பாக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்தது.

கேட்டது இருள். கொட்டாப்புளித் தலைக்குப் புளி, கருவேலம், இருள் மூணுமே நல்லது. இருளுக்கு நார் ஒண்ணுக்கொண்ணு பின்னிக் கிடக்கும். உளிக்காம்பு மேல எத்தனை அடி விழுந்தாலும் சட்டுனு பிளக்காது. ஒரு காலத்துல ரயில் தண்டவாளத்துக்கு அடியில போட்ட மரம் அது. தேக்கு இந்த வேலைக்கு ஆகாது, நேர் நார், எடையும் கம்மி, ஓரம் செதில் செதிலாப் போகும். பழைய வீட்டு இருள் கிடைச்சா இன்னும் விசேஷம், ஏன்னா அது சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிச்சிருக்கும்.

கணக்கும் சொல்லிடுறேன். தலை 6 அங்குல நீளம், 4 உயரம், 3 கனம். அப்படின்னா 72 கன அங்குலம். ஒரு கன அடிக்கு 24 தலைன்னு கணக்கு வரும், வாள் தின்னது, ஆணி ஓட்டை, வெடிப்பு எல்லாம் போக 15, 16 தேறினா லாபம். காஞ்ச இருள்ல துளை போக ஒரு தலை ஒரு கிலோவை ஒட்டி நிக்கும். அதே அளவு ரப்பர் காஞ்சபிறகு 650 கிராம்தான். ஆனா பச்சை ரப்பர் ஈரத்தோட இருக்கும்போது கையில தூக்கினா நல்லாவே கனக்கும். அந்த எடையை வச்சுத்தான் ஏமாத்துறான்.

நம்பினது எங்கேன்னா சாம்பிள்ல. முழ நீளத் துண்டு ஒண்ணு கொடுத்து விட்டான். அசல் இருள். இழைச்சா உள்ள செம்பழுப்பு, ஆணி இருந்த இடத்தைச் சுத்திக் கறுப்பு வளையம், நகம் பதியாத வைரம் (மரத்தோட கெட்டியான நடுப்பாகம்). ஒரு குறையும் சொல்ல முடியாது. போன்ல "எல்லாம் இதே வீட்டுத் தடிதான் சாரே, ஒரே உத்தரத்துல அறுத்தது"ன்னான். அடுக்கின தடியோட வீடியோவும் வந்துச்சு. இறக்குறதுக்கு முன்னாடி பணம் போடணும்னான், 14,400 ரூபாயும் ஜிபேயில போச்சு. தார்ப்பாயைப் பிரிச்சா மேல் அடுக்கு இருள், அதுக்குக் கீழ வேற சரக்கு.

கீழ இருந்த தடி எல்லாத்துக்கும் ரெண்டு முனையிலயும் கறுப்பு பெயிண்ட். கேட்டா "வெடிக்காம இருக்கத்தான்"னு வண்டியில வந்த பையன் சொன்னான். பச்சை மரத்துக்குத்தான் முனையை அடைப்பாங்க, முனை வழியா ஈரம் வேகமா வெளியேறி வெடிக்கும்னு. நூறு வருஷம் கூரைக்கு அடியில காஞ்ச தடிக்கு அது எதுக்கு? அரை அங்குலம் அறுத்துத் தள்ளினதும் உள்ள பால் வெள்ளை.

போலி ஆணி ஓட்டையை மட்டும் ரசிச்சுச் செஞ்சிருக்கான், பாராட்டணும். பழைய துருப்பிடிச்ச ஆணியை அடிச்சுப் பிடுங்கி, ஓட்டைக்குள்ள செம்மண்ணும் கரி ஆயிலும் அப்பியிருக்கான். ஆனா கறை பரவல. வைர மரத்துக்குள்ள இரும்பு பல வருஷம் கிடந்தா, மரத்துல இருக்கிற துவர்ப்பும் துருவும் சேர்ந்து நீலங்கலந்த கறுப்பா நார் வழியே மேலயும் கீழயும் நீளும். இங்க ஓட்டையோட வட்டத்துல அழுக்கு நிக்குது, ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) தள்ளினா வெளுப்பு. இன்னும் ரெண்டு இழைப்பு இழைச்சா சாம்பல் நீலத்துல கோடு கோடா பூஞ்சைக் கறை. ரப்பரை அறுத்த கையோட மருந்துல போடலைன்னா வர்ற கறை அது.

ஈரம் பாத்தோம். தடியோட முனையில இருந்து ஒரு அடி உள்ள தள்ளி அங்குலக் கனத்துல ஒரு வில்லை அறுக்கணும் (முனை எப்பவும் முன்னாடியே காஞ்சிருக்கும், அதை எடுத்தா பொய் சொல்லும்). எடை 310 கிராம். ஓவன் அடுப்புல 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேல வச்சு, எடை மேற்கொண்டு குறையாத வரைக்கும் காயவச்சதும் 214 கிராம். குறைஞ்ச 96-ஐ 214-ஆல வகுத்தா 45 சதவீதம். சாமான் செய்ற மரத்துல 12 சதவீதத்தை ஒட்டி இருக்கணும்.

இந்த ஈரத்தோட கொட்டாப்புளி செஞ்சா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க, அது எப்படி நிக்குதுன்னு தெரியணும். தலையோட நார் 6 அங்குல நீளவாட்டுல ஓடணும், அப்பத்தான் அடிக்கிற முகம் ரெண்டும் முனை நாரா வரும். துளை 4 அங்குல உயரத்துக்குக் குறுக்கே மேலிருந்து கீழ போகுது: கீழ்வாய் 1 அங்குலத்துக்கு ஒண்ணேகால் அங்குலம், மேல்வாய் 1-க்கு ஒன்றரை. அதாவது நீளவாட்டுல பக்கத்துக்கு ஒரு நூல் சரிவு. ரெண்டு பக்கமும் குறிச்சு, ரெண்டு பக்கத்துல இருந்தும் பாதிப் பாதியா உளி போடணும். ஒரே பக்கமா இறக்கினா கீழ்வாய் பிஞ்சுரும். காம்போட மேல்முனை அகலம், அதை மேல இருந்து விட்டு உருவி இறக்கணும். ஓங்கி அடிக்க அடிக்க தலை வெளிய பறக்கப் பாக்கும், காம்போட அகலம் அதைப் பிடிச்சு இறுக்கும். ஆப்பு வேண்டாம், பசை வேண்டாம். முகம் ரெண்டையும் கீழ்ப்பக்கம் ரெண்டு ரெண்டு நூல் உள்ள சாய்ச்சு அறுத்தா அடி உளித்தலையில தட்டையா விழும். ஓரம் எல்லாம் ஒரு நூல் மழுக்கி விட்டுரணும், இல்லேன்னா முதல் நாளே செதில் போகும்.

இப்ப ஈரத் தலைக்குள்ள காஞ்ச காம்பு இறக்கினா, தலை குறுக்குவாட்டுல சுருங்கும். காம்பு சுருங்காது. துளையோட 1 அங்குல வாய் காம்பை நெரிக்கும், நெரிச்சு நெரிச்சு மூலையில இருந்து முகம் வரைக்கும் வெடிக்கும். மாத்தி, காம்பு ஈரம், தலை காஞ்சதுன்னா காம்பு ஆட ஆரம்பிக்கும். இதுல ரெண்டு தடி மரத்தோட மையப் புள்ளியையே உள்ள வச்சு அறுத்தது வேற. அதுல எதைச் செஞ்சாலும் மையத்துல இருந்து நட்சத்திரம் மாதிரி விரியும். போதாக்குறைக்கு உளு. மருந்தடிக்காத ரப்பருன்னா வண்டுக்கு விருந்து, உள்ள மாவுச்சத்து அவ்வளவு. தட்டினா பவுடர் மாதிரி கொட்டுது. பட்டறையில பக்கத்துல இருக்கிற வெள்ளை மரம் எல்லாத்துக்கும் அது பரவும். போரிக் ஆசிட், போராக்ஸ் அழுத்தி ஏத்தி, சூளையில காயவச்ச ரப்பர் நல்ல மரம்தான், கட்டில் மேஜை எல்லாம் ஆகுது. அதை ரப்பர்னு சொல்லி ரப்பர் விலைக்கு விக்கணும்.

அப்புறம் போன் படலம். முதல்ல "மழையில நனைஞ்சிருக்கும் சாரே, நிழல்ல போடுங்க, நிறம் வந்துரும்". வெள்ளை மரத்துக்கு நிழல்ல எப்படிய்யா வைரம் வரும்? அடுத்து, "பழைய தடின்னா கலந்துதான் வரும்". அறுத்த முகத்தோட போட்டோ அனுப்பினா, "நீங்க அறுத்துட்டீங்க, அறுத்த தடியை எடுக்க முடியாது". அறுக்காம எப்படித் தெரியும்? கடைசியா, "இருள்னு பில்லுல எழுதிருக்கா?" எடுத்துப் பாத்தா, எஸ்டிமேட்னு அச்சடிச்ச துண்டுச் சீட்டுல "பழைய தடி 5 க.அ." அவ்வளவுதான். 14,400 ரூபாய்க்கு அது ஒண்ணுதான் காகிதம். முதலாளி கல்ஃப்ல இருக்காராம், வந்ததும் பேசுவாராம். இப்ப நம்பரை பிளாக் பண்ணிட்டான். 14,400 ரூபாய்!

விவரமா எழுதுறேன்னு மேல சொன்னேன், இப்ப கை ஓடல. அவசரத்துக்கு இது.

சாம்பிளை நம்பாதீங்க. அடி அடுக்குல நீங்க காட்டுற தடியை உருவச் சொல்லி, முனையில ரெண்டு அங்குலம் அறுத்துப் பாருங்க. பெயிண்ட் அடிச்ச முனைன்னா கண்டிப்பா. ஆணி ஓட்டையைச் சுத்தி இழைச்சு கறை ஓடுதான்னு பாருங்க. பழைய ஸ்பீக்கர் காந்தம் கையோட கொண்டு போங்க, அசல் பழசுன்னா உள்ள ஒடிஞ்ச ஆணி இருக்கும், பிளேனர் பிளேடு போயிரும்.

பில்லுல மரத்தோட பேரு, கன அடி, விலை மூணும் வேணும். இறக்கிப் பாத்துட்டுத்தான் பணம்.

கடை கேரளாவுல இருக்கு, அங்க போய்தான் கேஸ் போடணும்னு மிரட்டுவாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க நமக்கு நாகர்கோவில். சரக்குக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்க. வாட்ஸ்அப் பேச்சு, வீடியோ, ஜிபே ரசீது எதையும் அழிக்காதீங்க. அறுத்த துண்டையும் எறியாதீங்க.

களியக்காவிளை, பனச்சமூடு பக்கம் வேலை செய்ற ஆசாரிமாருக்கு இதே மாதிரி இருள் தடி வீடியோ வந்துச்சுன்னா, கீழ் அடுக்கை அறுத்துக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா அஞ்சு பைசா போடாதீங்க.