பைலின்ட், ஃபிளேக்8, ரஃப்: பைத்தான் நிரலுக்கு எந்த லின்டர்?

நிரலை ஓட்டாமலே, எழுதியிருப்பதைப் படித்துக் குறை சொல்லும் கருவி லின்டர். பைத்தானில் இப்போது மூன்று பேர் களத்தில் இருக்கிறார்கள். எது வேகம் என்று கேட்டால் யாரும் ரஃப் என்றே சொல்வார்கள். எது எதைப் பார்க்காமல் விட்டுவிடும் என்று கேட்டால்தான் தேர்வு கொஞ்சம் சிக்கலாகிறது.

வேகத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃப், 2022-இல் சார்லி மார்ஷ் வெளியிட்டது. டேட்டா வேலைகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருளான டாக்ஸ்டரின் சுமார் 2,50,000 வரி நிரலை நான்கு கோர்களில் பிரித்து ஓட்டியும் பைலின்ட்டுக்கு இரண்டரை நிமிடம் பிடித்தது, ரஃப் 0.4 விநாடியில் முடித்துவிட்டது என்று டாக்ஸ்டரை உருவாக்கியவரே சொல்லியிருக்கிறார். இரண்டரை நிமிடம் என்றால், நிரலைத் தானாகச் சோதிக்கும் சிஐ சர்வர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். 0.4 விநாடி என்றால் ஃபைலை சேவ் செய்யும்போதே ஓட்டலாம். தப்பு செய்த கையோடு தெரிந்தால் திருத்திவிடுவோம். மறுநாள் சிவப்பு எழுத்தில் வந்தால் எரிச்சல்தான் மிச்சம்.

பைலின்ட் ஏன் இவ்வளவு மெதுவு? ஆஸ்ட்ராய்ட் என்ற நூலகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் என்ன ஆப்ஜெக்ட் இருக்கும் என்று அது ஊகிக்கிறது. இம்போர்ட் செய்த ஃபைலுக்குள்ளும் போய்ப் பார்க்கிறது. ஒரு கிளாஸில் மெத்தடின் பெயரை மாற்றிவிட்டு, வேறொரு ஃபைலில் பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். ‘இ1101, அப்படியோர் உறுப்பு இல்லை’ என்று பைலின்ட் பிடித்துவிடும். மற்ற இரண்டும் ஃபைல் ஃபைலாகப் படிப்பவை, இது அவற்றின் கண்ணில் படாது. ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி இம்போர்ட் செய்யும் ஃபைல்களையும், இரண்டு இடத்தில் காப்பி அடித்து ஒட்டிய பகுதிகளையும் கண்டுபிடிப்பது பைலின்ட்தான்.

அதற்கு விலையும் உண்டு. ஊகம் தவறினால் பொய் எச்சரிக்கை வரும். சி மொழியில் எழுதிய நூலகங்களோடு வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். போதாக்குறைக்கு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வேறு போடும். தயவுசெய்து அதைக் குழுவின் இலக்காக வைக்காதீர்கள். ‘இது ஆர்டர் கிளாஸ்’ என்று ஒன்றுக்கும் உதவாத டாக்ஸ்ட்ரிங் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு) எழுதியே எண்ணை ஏற்றிவிடுவார்கள்.

ஃபிளேக்8 பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிழை பார்க்கும் பைஃபிளேக்ஸ், எழுதும் பாணியைப் பார்க்கும் பைகோட்ஸ்டைல், நிரல் எவ்வளவு சிக்கலானது என்று அளக்கும் மெக்கேப் ஆகிய மூன்று கருவிகளையும் சேர்த்துக் கட்டிய உறை அது. அதன் பலம் பிளகின்கள், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்கள். உங்கள் நிறுவனத்துக்கென்று சொந்த விதிகளை பிளகினாக எழுதி வைத்திருந்தால் அதிலேயே இருங்கள், ஏனென்றால் ரஃப் வெளியார் பிளகின்களை ஏற்பதில்லை. அப்படி எதுவும் இல்லையென்றால் மாறிவிடலாம். விதி எண்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ‘இந்த வரியில் குறை சொல்லாதே’ என்று ஏற்கெனவே போட்டு வைத்த ‘நோக்யூஏ’ விலக்குகளும் செல்லுபடியாகும்.

மூன்றையும் ஒரே பிழையில் சோதித்துப் பாருங்கள்: ஒரு ஃபங்ஷனின் பாராமீட்டருக்கு டிஃபால்ட்டாகக் காலி லிஸ்ட் கொடுப்பது. ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் அந்த லிஸ்ட் உருவாகும், அதனால் முதல் அழைப்பில் சேர்த்தது இரண்டாவது அழைப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். பைலின்ட் எந்த அமைப்பும் இல்லாமலே இதைச் சொல்லிவிடும். வெறும் ஃபிளேக்8 சும்மா இருக்கும், அதற்கு பக்பேர் பிளகின் வேண்டும். ரஃப்பில் அதே விதி பி006 என்ற எண்ணில் உள்ளேயே இருக்கிறது. அமைப்பு ஃபைலில் ‘பி’ வரிசையைச் சேர்த்துவிடுங்கள்.

ரஃப்பில் ஓர் எச்சரிக்கை. அதன் ‘ஃபிக்ஸ்’ வசதி, பயன்படாத இம்போர்ட்டைத் தானே நீக்கிவிடும். ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் சிக்னல்களை (ஒரு நிகழ்வு நடந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷன்களை) பதிவு செய்வதற்காக மட்டுமே ஒரு ஃபைலை இம்போர்ட் செய்வது வழக்கம். பார்வைக்கு அது பயன்படாத இம்போர்ட்தான்! அந்த வரி போனால் எந்த எரரும் வராது, சிக்னல் மட்டும் வேலை செய்யாது. அந்த வரியில் ‘பயன்படாத இம்போர்ட்’ விதியான எஃப்401-க்கு விலக்கு எழுதிவிட்டு அப்புறம் ‘ஃபிக்ஸ்’ ஓட்டுங்கள்.

சரி, எதை எடுப்பது? புதிய ப்ராஜெக்ட் என்றால் ரஃப், கூடவே டைப் ஹின்ட் (எந்த மதிப்பு என்ன வகை என்ற குறிப்பு) எழுதி, அதைச் சரிபார்க்கும் டைப் செக்கரான மைபை அல்லது பைரைட். பெயர் மாறிய மெத்தட் போன்றவற்றை டைப் செக்கரே பிடித்துவிடும். டைப் ஹின்ட்டே இல்லாத பழைய நிரலில் மைபை அவ்வளவாக உதவாது. ஹின்ட் இல்லாத ஃபங்ஷன்களின் உள்ளே அது இயல்பாகப் பார்ப்பதே இல்லை. அங்கே சேவ் செய்யும்போது ரஃப், இரவில் ஒரு முறை எரர்களை மட்டும் காட்டச் சொல்லி பைலின்ட் என்று இரண்டையும் வைத்துக்கொள்வேன்.