சிங்கப்பூரில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை: மயக்க மருந்தும் அதற்குப் பிந்தைய கவனிப்பும்

விடுமுறைக்குப் பெர்த்திலிருந்து சிங்கப்பூர் போயிருந்த நேரத்தில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, வார்டு எல்லாம் மளமளவென்று நடந்தன. மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் தாளில் கையெழுத்தும் அன்றைக்கே முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மயக்க மருந்து விஷயத்தில் பார்த்ததைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

வலிக்கு அவசரப் பிரிவிலேயே நல்ல வைத்தியம் கிடைத்தது. மயக்க மருத்துவர் ஒருவர் வந்து, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே தொடையின் மேற்பகுதியில் மரத்துப்போக வைக்கும் மருந்தைச் செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் அம்மா பல்லைக் கடிப்பதை நிறுத்தினார். இப்படிச் செய்தால் மார்ஃபின் போன்ற மருந்துகள் குறைவாகவே தேவைப்படும். வயதானவர்களுக்கு அவை குமட்டலையும் குழப்பத்தையும் கொடுக்கக்கூடியவை.

அன்றிரவு வீட்டில் ஒரே விவாதம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வதா, முழு மயக்கமா? “முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலிதான்” என்றார் பெரியம்மா. “முழு மயக்கம் குடுத்தா இந்த வயசுல புத்தி தடுமாறிடும்” என்றார் அண்ணன். மறுநாள் காலை மயக்க மருத்துவரிடம் இரண்டையும் கேட்டோம். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்றுதான் முதலில் விசாரித்தார், ஏனென்றால் முதுகு ஊசிக்கு அது முக்கியம். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், ஆயுசுக்கும் நீடிக்காது என்றார்.

அண்ணனின் பயத்துக்கு அவர் ஆய்வுகளை எடுத்துச் சொன்னார். இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ‘ரீகெய்ன்’ ஆய்வு 2021இல் வெளியானது. யாருக்கு முதுகு ஊசி, யாருக்கு முழு மயக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 60 நாள் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களும் நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து முதல் குழுவில் 18.5 சதவீதம், இரண்டாவது குழுவில் 18.0 சதவீதம். அண்ணன் பயந்த புத்தித் தடுமாற்றம், அதாவது மனக்குழப்பமும் இரண்டிலும் ஏறக்குறைய 20 சதவீதம்தான். 65 வயதைத் தாண்டியவர்களிடம் சீனாவில் நடந்த ஆய்விலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, நாங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட கேள்வியை விட, முன்னும் பின்னும் நடக்கும் கவனிப்புக்குத்தான் கூடுதல் அக்கறை தேவை. அம்மா முதுகு ஊசியைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் கவனிப்பில் இரண்டு இடங்களில் மனம் வருந்தியது. ஒன்று, தண்ணீர். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்பதே பொதுவான வழிகாட்டுதல். அம்மாவுக்கோ நள்ளிரவிலிருந்தே எதுவும் கொடுக்கவில்லை. அறுவை சிகிச்சை தள்ளித் தள்ளிப் பிற்பகலுக்குப் போனது. உதடு வறண்டு, நாக்கு ஒட்டிப் பேசினார். கேட்ட பிறகுதான் இரண்டு மடக்குக் கிடைத்தது.

இன்னொன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு. மனக்குழப்பம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் இளம் தாதி வந்தார். வயது, பிறந்த தேதி, இது எந்த இடம், என்ன வருஷம், அப்புறம் டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். அம்மா கூரையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். தாதி ஏதோ குறித்துக்கொண்டார். நான் குறுக்கிட்டதும் தமிழ் பேசும் இன்னொரு தாதியை அழைத்து வந்தார்கள். “அம்மா, பங்குனியிலேருந்து பின்னாடி சொல்லுங்க பார்ப்போம்.” உடனே பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை என்று தடங்கல் இல்லாமல் சித்திரை வரை போனார். “இதைக் கேக்கவா மிஸ்ஸி எழுப்புனீங்க?” என்றும் கேட்டார். முதலில் எழுதியதை அங்கேயே திருத்தினார்கள். நான் பக்கத்தில் இல்லாத நேரமாக இருந்திருந்தால் அம்மாவின் பேச்சின்மை குழப்பமாகவே பதிவாகியிருக்கும். தெளிவாக இருப்பவருக்குத் தேவையில்லாத பரிசோதனைகளும் நடந்திருக்கும். அதைவிட மோசம், உண்மையான குழப்பம் வந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான பதிவே இருந்திருக்காது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில் இது நடக்கக் கூடாது.

மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கையெட்டும் தூரத்தில் இருப்பது, இரவில் தூக்கம், போதுமான தண்ணீர், சீக்கிரம் எழுந்து நடப்பது: இவற்றைச் சேர்த்துக் கவனித்தால் முதியோருக்கு மனக்குழப்பம் குறையும் என்று 1999இலேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வார்டு தலைமைத் தாதியிடம் சொன்னதும் கட்டிலுக்கு மேலிருந்த பலகையில் ‘தமிழ்’ என்று பெரிதாக எழுதினார். கண்ணாடி, கருவி இரண்டையும் பக்கத்து மேசையிலேயே வைத்தார். மறுநாள் காலை அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார்.

வெளியூரிலிருந்து பெற்றோரைக் கவனிப்பவர்கள் சேர்க்கும் அன்றைக்கே மூன்றைக் கேளுங்கள். அவர் எந்த மொழியில் பதில் சொல்வார் என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதினார்களா? கடைசியாகத் தண்ணீர் குடிக்கலாம் என்பது எத்தனை மணி? நேரம் தள்ளிப்போனால் யார் வந்து சொல்வார்கள்? நான் மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்திலும் இவைதான் இருந்தன.