தூரத்தில் ஆட்டு மந்தை, கிட்டப் போனால் டைனோசர்: ஏழு மாதம் ஒட்டியிருந்த வால்பேப்பர் பற்றி

எங்கள் வீட்டு முன்னறைக்கு முதல் முறை வருபவர்கள் "அமைதியா இருக்கு" என்பார்கள். இரண்டாம் முறை வரும்போது அதையே கொஞ்சம் தயங்கிச் சொல்வார்கள். கரும்பழுப்பு மர அலமாரி, கடைசல் கால் வைத்த நாற்காலிகள், ஊசல் ஆடும் சுவர்க் கடிகாரம், பொன்முலாம் பூசிய சட்டத்துக்குள்ளிருந்து முறைக்கும் தாத்தா பாட்டி. எல்லாமே அம்மா வழியில் வந்தவை, எல்லாமே எனக்குப் பிடித்தவை, ஆனால் அங்கே கால் நீட்டி உட்கார்ந்தால் பரீட்சை ஹாலில் யாரோ பின்னால் நிற்கிற மாதிரியே இருக்கும்.

அந்த அறைக்காக வாங்கிய ஒட்டும் வால்பேப்பர் பற்றித்தான் இந்த விமர்சனம், கூடவே அதே இடத்தில் வாங்கிய, இழுப்பறையில் மாட்டும் மிருக உருவக் குமிழ்கள் பற்றியும் கொஞ்சம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரிச் சரக்கை ஏகப்பட்ட பேர் விற்கிறார்கள், நான் சொல்லப் போகிற நிறை குறை பெரும்பாலும் எல்லோருக்கும் பொருந்தும். ஒட்டி ஏழு மாதம் ஆகிறது. ஒட்டிய மறுநாளே எழுதுகிற விமர்சனத்தை நம்பாதீர்கள், முதல் மாதம் எல்லா வால்பேப்பரும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

இதற்கு முன்னால் இரண்டு தப்பு செய்திருக்கிறேன். ஒன்று, வாசகம் எழுதிய பளீர் மஞ்சள் குஷன். இன்னொன்று, இளஞ்சிவப்பில் எரியும் நியான் பலகை. இரண்டுமே கல்யாண வீட்டுக்கு அரை டிராயரில் வந்து நின்றவன் மாதிரி இருந்தன. அறை சிரிக்கவில்லை, நாங்கள்தான் அறையைப் பார்த்துச் சிரித்தோம். அப்புறம்தான் ஒன்று உறைத்தது: பழைய சாமான் நிறைந்த அறையில் வேடிக்கை காட்ட வேண்டுமென்றால் அந்த வேடிக்கையும் பழைய உடுப்பில்தான் வர வேண்டும், பார்த்த உடனே தெரியாமல் கொஞ்சம் நேரம் கழித்துத் தெரிய வேண்டும்.

இந்த வால்பேப்பர் அதைச் சரியாகச் செய்கிறது. வெண்ணெய் நிறப் பின்னணி, மேலே ஒரே ஒரு நீலம். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் மலையடிவாரம், வளைவுப் பாலம், இடிந்த கோபுரம், கோலை ஊன்றி நிற்கும் மேய்ப்பன், சுற்றிலும் மேய்கிற மந்தை. கிட்டப் போனால் மந்தையில் இருப்பது ஆடு இல்லை, மூன்று கொம்பு வைத்த டிரைசெராடாப்ஸ். மேய்ப்பன் அதைப் பற்றிக் கவலையே படாமல் கொட்டாவி விடுகிறான். பாலத்துக்கு அந்தப் பக்கம் நீள்கழுத்து ஒன்று மரத்தின் உச்சியைக் கடித்துக்கொண்டிருக்கிறது. குடை பிடித்த சீமாட்டியின் தலைக்கு மேல் ஒரு டெரோசார் பறக்கிறது. (அது டைனோசர் இனத்தில் சேராது என்று என் அக்கா மகன் திருத்தினான். அவன் சொல்வது சரிதான், டெரோசார்கள் தனி வகைப் பறக்கும் ஊர்வன.) வரைந்தவர் கெட்டிக்காரர். டைனோசரின் முதுகுத் தோலைக்கூட மரப்பட்டைக்கும் பாறைக்கும் போட்ட அதே மெல்லிய கோடுகளால் நிரப்பியிருக்கிறார், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த மாதிரி. கார்ட்டூன் டைனோசரை வெட்டி ஒட்டியிருந்தால் இந்தச் சுவரும் என் மஞ்சள் குஷன் வழிக்கே போயிருக்கும்.

இந்தப் பாணிக்கு டுவால் டி ஜூயி என்று பெயர். பிரான்சில் வெர்சாய் அருகே ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் என்பவர் 1760இல் துணி அச்சுப் பட்டறை தொடங்கினார். அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன அச்சுப் பருத்தித் துணிக்கு அங்கே அவ்வளவு கிராக்கி, உள்ளூர் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூச்சல் போட, 1686இல் இறக்குமதிக்கும் சரி, உள்நாட்டில் அதைப் பார்த்து அச்சடிப்பதற்கும் சரி தடை போட்டார்கள். தடை நீங்கியது 1759இல். அடுத்த ஆண்டே பட்டறை. ஆக நாம் இன்று பரம்பரை ஐரோப்பிய ரசனை என்று தலையாட்டுகிற பாணியே, தடைபோட்டும் அடங்காத ஒரு மோகத்தில் கிளம்பியதுதான். அந்தத் துணிகளிலும் வெறும் ஆடு மாடு மேய்ச்சல் மட்டும் இல்லை. அப்போது ஊரே பேசிய பலூன் பறக்கவிடுதல் போன்ற சமாச்சாரங்களையும் அச்சடித்திருக்கிறார்கள். பிற்பாடு 2004இல் டிமரஸ் பீஸ்டீஸ் என்ற ஸ்காட்லாந்து வடிவமைப்புக் கூடம் இதே பாணியில் கிளாஸ்கோ நகரத்து அடுக்குமாடியையும் தெருவோரக் குடிகாரரையும் வரைந்து பேர் வாங்கியது. என் டைனோசர் அந்த வம்சத்தில் கடைக்குட்டி.

சரி, சரக்குக்கு வருகிறேன். வினைல் படலம், பின்னால் பசை, அதன் மேல் உரித்தெடுக்கும் தாள். பின்தாளில் கட்டம் போட்டு அளவு அச்சடித்திருப்பது உண்மையிலேயே உதவி, ஸ்கேல் தேடாமல் நேராக வெட்டலாம். அச்சு துல்லியம், நீலம் அழுக்கு நீலமாக இல்லை. மேற்பரப்பு மட்டும் லேசாகப் பளபளக்கிறது, இரவில் விளக்கு பக்கவாட்டில் விழும்போது பிளாஸ்டிக் என்பது தெரிந்துவிடும். ஒட்டு அவ்வளவு முரடு இல்லை, கோணலாகப் போனால் முதல் சில நிமிடத்துக்குள் உரித்து மறுபடி ஒட்டலாம். அதையே நான்காம் முறை செய்தால் படலம் இழுபட்டு மேய்ப்பனின் முகம் நீண்டுவிடுகிறது. எங்கள் சுவரில் ஒரு மேய்ப்பனுக்குத் தாடை கொஞ்சம் அதிகம்.

சுவர் விஷயத்தில் பெட்டியில் எழுதியிருப்பதைவிடக் கறாராக இருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் மூன்று நான்கு வாரம் விடுங்கள், கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே முழுக்க இறுகியிருக்காது. தேய்த்தால் கையில் மாவு ஒட்டுகிற டிஸ்டெம்பர் சுவரில் இது நிற்காது, பசை மாவில் ஒட்டும், மாவு சுவரை விட்டுவிடும். ஈரம் ஊறுகிற சுவரில் வேண்டவே வேண்டாம், படலம் ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பூஞ்சையை வளர்க்கும். முதலில் ஒரு துண்டை ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன், ஆனால் பட்டி பூசி ஒட்டுப்போட்டிருந்த மூலையில் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் சரியாக அந்த மூலைதான் நாக்கை நீட்டியது. ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டித் துணியால் அழுத்தினேன், இப்போதைக்கு நிற்கிறது.

முதல் பட்டையைச் சுவர் மூலையை நம்பி ஒட்டாதீர்கள். பழைய வீட்டு மூலைகள் எதுவும் நேர் கிடையாது. தூக்குக்குண்டு கட்டிப் பென்சில் கோடு போட்டு அதை ஒட்டி ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் நான்காவது பட்டையில் பாலம் சாய்ந்து மந்தை முழுக்க ஆற்றுக்குள் சரிந்துகொண்டிருக்கும்.

இனி என் பெரிய புகார். சுருள் 45 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம். என் சுவர்ப்பகுதி 1.8 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். விற்பனைப் பக்கத்தில் இருந்த கணக்குப் பெட்டியில் இந்த அளவைப் போட்டேன், "ஒரு சுருள் போதும்" என்றது. நாலு பட்டை, ஆளுக்கு 2.4 மீட்டர், ஆக 9.6, போதும்தானே? போதாது. டிசைன் 64 செ.மீ.க்கு ஒரு முறை திரும்ப வருகிறது. பக்கத்துப் பட்டையோடு படம் பொருந்த வேண்டுமென்றால் ஒவ்வொரு பட்டையும் டிசைனின் அதே இடத்தில் தொடங்க வேண்டும். மேலும் கீழும் வெட்டிவிட ஐந்தைந்து செ.மீ. சேர்த்தால் பட்டை 250 செ.மீ., ஆனால் டிசைனின் அதே இடம் மறுபடி வருவது நாலு 64 தாண்டி, அதாவது 256இல்தான். மூன்று பட்டைக்கு 768 போய்விட்டது, மீதி 232. நான்காவது பட்டைக்கு 18 செ.மீ. குறை. இந்தக் கணக்கை நான் போட்டது மூன்று பட்டை ஒட்டி முடித்த பிறகு, தரையில் உட்கார்ந்து, அட்டையின் பின்பக்கத்தில். டிசைன் எத்தனை செ.மீ.க்கு ஒரு முறை வருகிறது என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதைக் கணக்குப் பெட்டியில் சேர்க்க மட்டும் மனமில்லை. இது சோம்பேறித்தனமா வியாபாரமா என்று நான் முடிவு கட்டவில்லை, ஆனால் ஒரு நட்சத்திரம் இங்கேதான் குறைகிறது.

பட்டைக்கு ஒன்றாக வீணான 6 செ.மீ. துண்டு மொத்தம் மூன்று இருந்தது. மூன்றாறு பதினெட்டு! வலது ஓரத்தில் கீழே எப்படியும் மரப்பெட்டி நிற்கப் போகிறது, அதன் மறைவில் அந்த மூன்று துண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினேன். மூன்றும் டிசைனின் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டவை, ஆகவே ஒரே டிரைசெராடாப்ஸ் கால் மூன்று முறை வந்தது. பெட்டியைத் தள்ளி நிறுத்தினேன். யாருக்கும் தெரியாது.

இருந்தாலும் மனசு கேட்காமல் இரண்டாவது சுருளும் தருவித்தேன். வந்தது வேறொரு தடவை அச்சடித்த தொகுதி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீலத்தில் ஒரு சொட்டுப் பச்சை. எல்லாச் சுருளிலும் தொகுதி எண் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்பது வால்பேப்பர் ஒட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கு அன்றுதான் தெரியும். வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள், எண்ணைப் பாருங்கள்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் சும்மா ஒரு துண்டை வெட்டி அலமாரியின் மேல் இழுப்பறைக்குள் அடியில் போட்டுப் பார்த்தேன், அங்கே இது சுவரில் இருப்பதைவிட நன்றாக இருந்தது! வெளியே கறுத்த மரம், தேய்ந்த பித்தளை, பாட்டி காலத்துப் பூட்டு. கத்தரிக்கோல் எடுக்க இழுத்தால் உள்ளே வெண்ணெய் நிறத்தில் ஒரு நீள்கழுத்து தலையைத் தூக்கிப் பார்க்கிறது. கத்தரிக்கோல் கேட்ட ஆளுக்கு ஒரு விநாடி கை நின்றுவிடும். அதைப் பார்ப்பதற்காகவே வருகிறவர்களிடம் "அந்த இழுப்பறையிலிருந்து பேனா எடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறு இழுப்பறையும் கண்ணாடி அலமாரியின் பின்பலகையும் ஆன பிறகும் சுருள் மீதி இருக்கிறது. பலகையில் ஒட்டும்போது மெழுகோ எண்ணெயோ தேய்த்த மரமா என்று பாருங்கள், அதில் பசை பிடிக்காது. ரொம்பப் பழைய, மதிப்புள்ள சாமானாக இருந்தால் நேரே மரத்தில் ஒட்டாமல், அளவுக்கு வெட்டிய அட்டையில் ஒட்டி உள்ளே படுக்க வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அம்மா கேட்டால் ஒரு நொடியில் எடுத்துக் காட்டலாம்.

குமிழ்கள்: முயல், தவளை, காண்டாமிருகம், பித்தளை வார்ப்பு. கனமாக, கைக்குக் குளிர்ச்சியாக இருக்கின்றன. கூட வந்த திருகாணி மட்டும் இந்தக் காலத்து மெல்லிய பலகைக்கு அளவெடுத்தது. பழைய இழுப்பறையின் முகப்பலகை தடிமனானது, ஆணி மறுபக்கம் எட்டவே இல்லை, நீளமானது தனியாக வாங்கினேன். ஆறு இழுப்பறைக்கும் ஆறு மிருகம் மாட்டிப் பார்த்ததில் மிருகக்காட்சிசாலை ஆகிவிட்டது. ஐந்தைக் கழற்றிவிட்டுப் பழைய பித்தளையையே போட்டேன். கீழ் வரிசையில் ஒரு தவளை மட்டும் உட்கார்ந்திருக்கிறது, அது ஒன்றே போதும்.

யோசித்துப் பார்த்தால் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க், கார்டெல் என்ற இத்தாலிய நாற்காலி மேஜை நிறுவனத்துக்காக 2002இல் வரைந்த லூயி கோஸ்ட் நாற்காலியிலும் சூத்திரம் இதுதான். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி காலத்து நீள்வட்ட முதுகு, அதே கைப்பிடி வளைவு, ஆனால் கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வடிவத்தில் மரியாதை, பொருளில் குறும்பு. அந்தச் சாயலில் ஒரு நாற்காலி வாங்கலாமா என்று ஆசை இருக்கிறது, பாலிகார்பனேட் கீறல் விழும், தூசி ஈர்க்கும் என்பதால் கை இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. சுவருக்கு வாங்குவதென்றால் மூன்று, இழுப்பறைக்குள் போட வாங்குவதென்றால் நாலரை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிக்கும்போது சூடு காட்டி, சுவரை ஒட்டியே கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள், வெடுக்கென்று இழுத்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

போன வாரம் அக்கா மகனின் பந்து மரப்பெட்டிக்குப் பின்னால் உருண்டுவிட்டது. பெட்டியை நகர்த்தித் தலையை உள்ளே விட்டவன் பந்தை எடுக்காமல் அப்படியே நின்றான். அப்புறம் திரும்பி, ரொம்ப சீரியஸாக, "சித்தி, இங்க மூணு கால் இருக்கு, உடம்பு எங்க?" என்றான்.