ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸ்: 2617-ஆம் எண்ணை வைத்து ஒரு சோதனை

வேத ஆராய்ச்சிக் கருவி நல்லதா என்று பார்க்க ஒரு சின்னச் சொல்லைக் கொடுத்துப் பார்த்தால் போதும். இங்கே எடுத்துக்கொண்ட சொல் ‘ஹெசெத்’ என்ற எபிரெயச் சொல். தமிழ் வேதத்தில் பெரும்பாலும் ‘கிருபை’ என்று வருவது. கருவி, ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட கன்கார்டன்ஸ், அதாவது ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் ஒத்தவாக்கிய அகராதி. மூல மொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் எண் உண்டு; ஹெசெத்தின் எண் 2617.

முதலில் உச்சரிப்பு. ஸ்ட்ராங் இதை ஆங்கிலத்தில் ‘சி’, ‘எச்’ போட்டு எழுதுகிறார். பார்த்தவர்கள் ‘செசெத்’ என்று வாசித்துவிடுகிறார்கள். அது தொண்டையிலிருந்து எழும் ‘ஹ’. அழுத்தமும் முதல் அசையில்.

அச்சுப் பிரதியின் பெரிய தொல்லை, எல்லாமே கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கில வேத மொழிபெயர்ப்பின் சொற்களின் கீழ்தான் இருக்கும். சங்கீதம் 136:1-க்கு ‘மெர்சி’யைத் தேட வேண்டும், ரூத் 1:8-க்கு ‘கைண்ட்லி’யை. வசனத்தின் வரி முடிவில் 2617 கிடைக்கும். ஆனால் அந்த எண் வரும் ஏறக்குறைய 250 இடங்களையும் ஒரே பக்கத்தில் பார்க்க முடியாது. இதற்காகவே செயலி வடிவம் மேல்: எண்ணைத் தொட்டால் முழுப் பட்டியலும் வந்துவிடும்.

எண்ணைப் பிடித்துப் பின்பகுதி அகராதிக்குப் போனால்தான் உண்மையான ஆபத்து. அங்கே முதலில் சுருக்கமான பொருள். பிறகு முக்காற்புள்ளியும் கோடும். அதன்பின் ஒரு நீண்ட சொல்வரிசை. அந்த வரிசை பொருள் அல்ல. கிங் ஜேம்ஸ் அந்தச் சொல்லை எங்கெங்கே எப்படியெல்லாம் மொழிபெயர்த்தது என்ற கணக்கு மட்டுமே. பிரசங்கங்களில் வரும் ‘மூல பாஷையில் இதற்கு இந்த அர்த்தமும் உண்டு’ பலவும் இந்த வரிசையிலிருந்து வசதிக்கு உருவியவைதான்! 2617-இல் அந்த வரிசையில் ‘நிந்தை’யும் கிடக்கிறது. நீதிமொழிகள் 14:34-இல் ‘பாவமோ எந்த ஜனத்துக்கும் இகழ்ச்சி’ என்பதில் உள்ள ‘இகழ்ச்சி’ அது. 1906-இல் வந்த பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் என்ற மூவரின் எபிரெய அகராதி அதைத் தனிச் சொல்லாகப் பிரித்து வைக்கிறது. ஸ்ட்ராங் ஒரே எண்ணில் அடைத்துவிட்டார். சங்கீதம் 136-இல் 26 முறை வரும் ஹெசெத்துக்குள் நிந்தையைத் தேடினால் என்ன ஆகும்?

தமிழ் வாசகருக்கு இந்த எண் உண்மையில் உதவுவது வேறிடத்தில். ஆதியாகமம் 6:8-இல் நோவாவுக்குக் கிடைத்ததும் ‘கிருபை’தான், ஆனால் அது ‘ஹேன்’, எண் 2580: ஒருவர் பார்வையில் கிடைக்கும் தயவு. ஹெசெத் பல இடங்களில் ‘செய்’ என்ற வினையோடு வரும். உறவுக்கு உண்மையாக நின்று செய்யும் நன்மை. ரூத் 1:8-இல் ‘தயை’, ஓசியா 6:6-இல் ‘இரக்கம்’, ஏசாயா 40:6-இல் ‘மேன்மை’ என்று தமிழில் சிதறிக் கிடப்பதையும் அந்த ஒரே எண்தான் சேர்த்துக் காட்டுகிறது. தமிழ் ஒத்தவாக்கிய அகராதியால் இது முடியாது.

எபிரெயப் பிரதியோடு ஒப்பிடுகிறவர்கள் சங்கீதங்களில் வசன எண்ணைக் கவனிக்க வேண்டும். அங்கே பல சங்கீதங்களில் தலைப்பும் வசனமாக எண்ணப்படும். 51-இல் தலைப்பே இரண்டு வசனம் என்பதால், நம் 51:1 அங்கே 51:3.

சொல்லைக் கண்டுபிடிக்க ஸ்ட்ராங் தாராளமாகப் போதும். பொருளுக்கு பிரவுன், டிரைவர், பிரிக்ஸைத் திறங்கள். அதற்கு நேரமில்லையென்றால் பட்டியலில் உள்ள பத்து வசனங்களையாவது முழுதாக வாசியுங்கள்.