ஸ்டெப்னிக்குக் காற்று பார்க்க மறக்காமலிருக்க எந்த வழி தேறும்?

ஓடுகிற நான்கு டயர்களில் காற்று குறைந்தால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், திருப்பத்தில் வண்டி தொளதொளவென்று போகும். டிக்கிக்குள் படுத்திருக்கும் ஐந்தாவது டயர் மட்டும் வாயே திறக்காது. என்னுடையது வாய் திறந்தது ஒரு ராத்திரி, தூறலில், பஞ்சரான டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி முடித்த பிறகு. ஜாக்கியை இறக்க இறக்க அதுவும் கூடவே சப்பென்று படுத்துக்கொண்டது. மறுநாள் அளந்தால் காற்றழுத்தம் 11 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). இருக்க வேண்டியது 33.

ஓட்டை எதுவும் இல்லை. ரப்பர் வழியாகவே காற்று மெல்ல வெளியேறும்; மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ வரை போகலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு வருஷமாக நான் எட்டிப் பார்க்காத டயர் அந்தக் கணக்குப்படிதான் நடந்துகொண்டது. அதன் பிறகு, மறக்காமலிருக்க ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்தேன்.

முதலில் எல்லோரும் செய்வதுதான்: போனில் மாதாந்திர நினைவூட்டல். செலவில்லை, தவறாமல் அடிக்கும். ஆனால் அடிக்கும்போது நான் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன், அல்லது அலுவலகத்தில் இருப்பேன். கையில் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் இருக்காது, பக்கத்தில் வண்டி இருக்காது. ‘பிறகு’ என்று தள்ளிவிடுவேன். அந்தப் ‘பிறகு’ அடுத்த மாதம்தான் வரும். காற்று பிடிக்கும் இடத்துக்குப் போனால் அடிக்கும்படி இடத்தைக் குறித்தும் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை. சரியான இடத்தில்தான் நினைவூட்டியது, ஆனால் அன்றைக்கு டிக்கி நிறைய சாமான்.

நான்கு டயருக்குக் காற்று பார்க்கும்போதே ஐந்தாவதையும் பார்த்துவிடுவது என்பது அடுத்த வழி. கேட்க மிக எளிது. நடைமுறையில் பின்னால் இரண்டு வண்டி காத்திருக்கும். பைகளை இறக்கி, விரிப்பைத் தூக்கி, மூடியைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஹாரன். போதாக்குறைக்கு, வால்வு கீழ்ப்பக்கமாக இருந்தால் டயரையே புரட்ட வேண்டும். பிக்கப் வண்டிகளிலும் சில பெரிய வண்டிகளிலும் ஸ்டெப்னி அடிவயிற்றில் தொங்கும், கம்பியைச் சுற்றி, தாங்கும் சங்கிலியைத் தளர்த்தித்தான் இறக்க வேண்டும். சேறு படிந்த அந்தச் சங்கிலியோடு மல்லுக்கட்டி மாதாமாதம் காற்று பார்ப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சர்வீஸில் பார்த்துவிடுவார்களே என்று விட்டுவிடலாமா? ஒருமுறை விட்டேன். திரும்பி வந்த தாளில் ஸ்டெப்னிக்கு நேராக அழகான டிக் இருந்தது. டிக்கியைத் திறந்தால் விரிப்பின் மேல் தூசி அப்படியே கலையாமல் இருந்தது. அவர்கள் ஒழுங்காகவே பார்த்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு.

ஆனால் சர்வீஸோடு சேர்ந்த இன்னொரு வழி இருக்கிறது, அதை ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. ஸ்டெப்னி மற்ற நான்கின் அதே அளவு, அதே ரிம் என்றால், டயர்களை இடம் மாற்றும்போது ஐந்தையும் சுற்றில் சேர்த்துவிடலாம். அப்போது ஸ்டெப்னி என்று நிரந்தரமாக ஒரு டயரே கிடையாது. இன்று டிக்கியில் இருப்பது சில ஆயிரம் கிலோமீட்டருக்கு முன்பு சாலையில் ஓடியது. அதைக் கழற்றி மாட்டும் சாக்கில் காற்றும் பார்த்தாகிவிடும், தேய்மானமும் ஐந்துக்கும் சமமாகப் பங்கிடப்படும். நினைவு வைத்துக்கொள்ளும் வேலையை மண்டையிலிருந்து எடுத்து வேலைமுறைக்குள் தள்ளிவிடுகிற வழி இது. ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர்களுக்கும், சிறிய தற்காலிக ஸ்டெப்னிக்கும் ஒத்துவராது.

சென்சார் பக்கம் வந்தால் நிறையப் பேருக்கு ஒரு தப்பான நிம்மதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் காற்றழுத்த எச்சரிக்கை கட்டாயம். அமெரிக்காவில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. அந்த விதிகள் கேட்பது ஓடும் சக்கரங்களைப் பற்றி. சில வண்டிகள் ஸ்டெப்னியையும் கவனிக்கும், பெரும்பாலானவை கவனிக்காது. அதிலும் ஒரு வகை, சக்கரம் சுழலும் வேகத்தை வைத்துக் காற்றுக் குறைவை ஊகிக்கிறது. டிக்கியில் சுழலாமல் கிடப்பதைப் பற்றி அது எப்படி ஊகிக்கும்? சரி, வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சாரை வாங்கி ஸ்டெப்னியில் மாட்டலாமே என்றால், அது வேலை செய்ய வால்வின் ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மூடியின் வளையம் நைந்தால் அதுவே கசிவுக்கு வழி. அப்புறம் அதற்குள் ஒரு பேட்டரி. ஸ்டெப்னியை மறந்தவன் அந்தப் பேட்டரியை மட்டும் நினைவில் வைப்பானா?

நைட்ரஜன் நிரப்பினால் குறையவே குறையாது என்பார்கள். ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற அமெரிக்க நுகர்வோர் இதழ் 30 பிஎஸ்ஐ நிரப்பிய டயர்களை ஒரு வருஷம் வைத்துப் பார்த்ததில், சாதாரணக் காற்று சராசரியாக 3.5 பிஎஸ்ஐ குறைந்தது, நைட்ரஜன் 2.2. வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான். அதே சோதனை இன்னொன்றையும் சொல்கிறது: நல்ல டயரில் சாதாரணக் காற்றே ஒரு வருஷம் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

அதிலிருந்துதான் எனக்குப் பிடித்த வழிக்கு வந்தேன்: முன்கூட்டியே கொஞ்சம் அதிகம் பிடித்து வைப்பது. கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில், முழுச் சுமைக்கென்று ஒரு பெரிய எண் இருக்கும். முழு அளவு ஸ்டெப்னிக்கு அந்த எண்ணையோ, அதற்கு மேல் நான்கைந்தோ வைத்துவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டுவதில்லை. ஆறு மாதம் மறந்தாலும் பெரிய குற்றமில்லை. நடுவழியில் அதிகக் காற்றை இறக்க வால்வு ஊசியை ஒரு விரல்நகத்தால் அழுத்தினால் போதும். இல்லாத காற்றை ராத்திரியில் எங்கே போய்த் தேடுவது? இதற்கு ஒரே நிபந்தனை, வண்டியில் கேஜ் இருக்க வேண்டும்.

தற்காலிகச் சிறிய ஸ்டெப்னி என்றால் இந்தச் சலுகை கிடையாது. அதற்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ வேண்டும், பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். “அறுபதா?” என்று காற்று பிடிப்பவர் நம்பாமல் 35-இல் நிறுத்திவிடுவார், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாத டயர் அது, பாதிக் காற்றில் அதை ஓட்ட நினைக்காதீர்கள். இதை வைத்திருப்பவர்களுக்கு மாதாந்திரப் பார்வையைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

மறப்பேன் என்று ஒப்புக்கொண்டு ஒரு சின்ன மின்பம்பை டிக்கியில் போட்டுக்கொள்வதும் கௌரவமான முடிவுதான். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகிச் சில நிமிடம் காத்திருந்தால் ஆயிற்று. மெதுவாகக் கசியும் பஞ்சருக்கும் அதுவே கைகொடுக்கும், பல நேரம் ஸ்டெப்னி மாற்றவே தேவைப்படாது. ஸ்டெப்னியே இல்லாமல், பஞ்சரை அடைக்கும் பசைக் குப்பியோடு வரும் வண்டிகளில் மறதி வேறு இடத்துக்கு மாறுகிறது: குப்பிக்கும் காலாவதித் தேதி உண்டு.

இப்போது என் ஏற்பாடு இது. கேஜை ஸ்டெப்னியின் நடுக்குழிக்குள்ளேயே வைத்துவிட்டேன். வெளியூர்ப் பயணம் முடிந்து சாமான் இறக்குகிற அன்று, டிக்கி காலியாக இருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுகிறேன். டயர் குளிர்ந்துதான் இருக்கும், பின்னால் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. பயணம் இல்லாத மாதங்களில் தவறிப்போகும். அதற்குத்தான் அந்த நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதல்.

போன முறை அப்படிப் பார்க்கையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் கண்ணில் பட்டன: 2313. 2013-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். மிஷலின் போன்ற நிறுவனங்கள், ஸ்டெப்னி உட்பட எந்த டயரையும் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்கின்றன. காற்று சரியாக 36 இருந்தது. டயரைத்தான் மாற்ற வேண்டியதாயிற்று.