ஃபயர் ஹைட்ரன்ட் போட்டோ எடுக்குற பழக்கம்: அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் என் அனுபவம்

2020 லாக்டவுன்ல ஆரம்பிச்சது இது. கலிஃபோர்னியா ஓக்லண்ட்ல எங்க வீட்டச் சுத்தி தினம் அதே நாலு தெருவுல நடை, கையில போன், எடுக்க ஒண்ணுமே இல்ல, பூ எடுத்தாச்சு பூனை எடுத்தாச்சு, கடைசில முனையில நிக்குற ஃபயர் ஹைட்ரன்ட்ட, அதான் தீ அணைக்க தண்ணி எடுக்குறதுக்கு தெருவோரம் நட்டு வெச்சிருக்குற குழாய, எடுத்தேன். அப்படியே தொத்திக்கிச்சு. இப்ப எங்கிட்ட ஆயிரத்து முன்னூறு படத்துக்கு மேல இருக்கு, அதுல நல்லாருக்குன்னு நானே சொல்லக்கூடியது ஒரு அறுபது தேறும்.

ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மா ஒரு நாள் கூட நடந்து வந்தாங்க. நான் ரோட்டோரம் மண்டி போட்டு எடுக்குறத பாத்துட்டு, "ஏண்டா, இதுல குடம் வெச்சு புடிக்க விடமாட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. விடமாட்டாங்கம்மா, நெருப்புக்கு மட்டும்தான்னேன். "அப்ப எந்நேரமும் உள்ள தண்ணி நிக்குதா?" அந்த கேள்விக்கு அன்னிக்கி எனக்கு பதில் தெரியல. முதல் வருஷம் நான் எடுத்த படமெல்லாம் வேஸ்ட்டுன்னு இப்ப தோணுறதுக்கு காரணமும் அதான், கலர் பாத்து எடுத்தேனே ஒழிய எதை எடுக்குறேன்னே தெரியாம எடுத்திருக்கேன்.

பதில் இதுதான். கலிஃபோர்னியா மாதிரி உறைபனி இல்லாத எடத்துல நிக்குறது பெரும்பாலும் வெட் பேரல்ங்கற வகை, மேல வரைக்கும் தண்ணி எப்பவும் நிக்கும், ஹோஸ் மாட்டுற ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனி வால்வு, அதனாலதான் கார் இடிச்சா அப்படியே பீச்சியடிக்குது. நியூயார்க் பக்கம் குளிருக்கு அப்படி வெச்சா உறைஞ்சு வெடிச்சிரும், அதனால அங்க ட்ரை பேரல், வால்வு பனி எட்டாத ஆழத்துல மண்ணுக்குள்ள இருக்கும், மண்டையில இருக்குற ஒரே நட்ட திருகுனாதான் தண்ணி மேல ஏறும். அந்த நட்டு அஞ்சு பக்கம் வெச்சது, சாதாரண ஸ்பேனர் புடிக்கக்கூடாதுன்னே அப்படி. இது தெரிஞ்சப்புறம் நியூஜெர்சில அத்தை பையன் வீட்டுக்கு போனப்ப நான் நேரா குனிஞ்சு பாத்தது நட்டத்தான், அவன் சிரிச்சான்.

ஆனா உண்மையான விருந்து சான் ஃபிரான்சிஸ்கோதான். 1906 ஏப்ரல் 18 விடிகாலை 5:12க்கு பூகம்பம், ஊர அழிச்சதுல பெரும்பங்கு அதுக்கப்புறம் எரிஞ்ச தீ, காரணம் நிலத்தடி குழாயெல்லாம் உடைஞ்சு ஹைட்ரன்ட்ட திறந்தா காத்துதான் வந்துச்சு. இதுல கொடுமை என்னன்னா அப்ப தீயணைப்பு தலைவரா இருந்த டென்னிஸ் சல்லிவன் நெருப்புக்குன்னே தனி தண்ணி ஏற்பாடு வேணும்னு முன்னாடியே கேட்டுக்கிட்டு இருந்தவர், அதே பூகம்பத்துல அடிபட்டு நாலு நாள்ல போயிட்டார். அவர் கேட்டது அவர் போனப்புறம்தான் வந்துச்சு, 1913ல வேல முடிஞ்சுது. ட்வின் பீக்ஸ் மேல ஒரு கோடி கேலனுக்கு மேல புடிக்குற தொட்டி, அதுக்கு கீழ ஆஷ்பரி டேங்க், ஜோன்ஸ் தெரு டேங்க், எல்லாமே மேட்டுலேர்ந்து தானா இறங்குற தண்ணி. ஹைட்ரன்ட் மண்டை கலர் எந்த தொட்டி தண்ணின்னு சொல்லிரும்: நீல மண்டை ஜோன்ஸ், சிவப்பு ஆஷ்பரி, கருப்பு ட்வின் பீக்ஸ். இது தெரியறதுக்கு முன்னாடி சிவப்பு அழகாருக்குன்னு சிவப்பா எடுத்து வெச்சிருந்தேன். இப்ப ஒரு கருப்பு மண்டைய ஃப்ரேம்ல வெக்கும்போது அது எந்த மேட்டுத் தண்ணின்னு தெரியுது, முடிஞ்சா பின்னால அந்த மேடும் தெரியுற மாதிரி நிக்குறேன், படமே வேற மாதிரி வருது.

நாற்சந்தி நடுவுல பெரிய செங்கல் வட்டம் பாத்தா விட்டுறாதீங்க. அடியில தண்ணித் தொட்டி இருக்கு, நிறைய தொட்டி 75,000 கேலன் புடிக்கும், குழாய் உடைஞ்சாலும் அந்த தண்ணி அங்கயே இருக்கும். மேலேர்ந்து எடுத்தாதான் வட்டம் தெரியும், பக்கத்து மாடிப்படி ஏதாவது கிடைச்சா அதிர்ஷ்டம்.

இப்ப எல்லாரும் கேக்குற தங்க ஹைட்ரன்ட். டொலோரஸ் பார்க் மேல் மூலை, 20ஆவது தெருவும் சர்ச் தெருவும் சேருற எடம். 1906 தீயில ஊரே காஞ்சு கிடக்க இது ஒண்ணுல தண்ணி வந்து மிஷன் பகுதி தப்பிச்சுது, குதிரையெல்லாம் களைச்சுப் போனதால தீயணைப்பு இன்ஜின ஜனங்களே மேட்டுல தள்ளிட்டு வந்தாங்க. வருஷா வருஷம் ஏப்ரல் 18 விடிகாலையில மார்க்கெட் தெரு லோட்டாஸ் ஃபவுன்டன்கிட்ட கூடிட்டு அப்புறம் இங்க வந்து புதுசா தங்க பெயின்ட் அடிப்பாங்க. முன்னெல்லாம் பூகம்பத்துல பொழச்சவங்களே வருவாங்க, அதுல கடைசியா இருந்த பில் டெல் மான்டே 2016 ஜனவரில 109 வயசுல காலமாயிட்டார்.

கதை இவ்வளவு இருந்தும், போட்டோவுக்கு இது சுமார்தான்னு சொல்லுவேன். மூணு தடவ போயிருக்கேன். வெயில்ல தங்க பெயின்ட் கண்ண கூசுது, ஒரு வருஷ பெயின்ட்டு மேல அடுத்த வருஷ பெயின்ட்டு ஏறி ஏறி வார்ப்பு விளிம்பெல்லாம் மொழுங்கிப்போயிருக்கு, சுத்தி எப்பவும் நாய், செல்ஃபி. எனக்கு புடிச்ச படம் அங்க எடுத்ததுதான், ஆனா ஹைட்ரன்ட்ட பின்னால விட்டுட்டு கீழ பாத்து அந்த சரிவ எடுத்தது. இன்ஜின இந்த மேட்டுல தள்ளுனாங்களான்னு அப்பதான் மூச்சு வாங்குது.

எங்க ஓக்லண்ட் கதை வேற. 1904ல பால்டிமோர் எரிஞ்சப்ப பக்கத்து ஊர்லேர்ந்து வந்த வண்டிகளோட ஹோஸ் அங்க இருந்த ஹைட்ரன்ட்ல பொருந்தல, 1,500 கட்டடத்துக்கு மேல போச்சு, அதுக்கப்புறம்தான் நாடு முழுக்க ஒரே அளவு மரைன்னு பேச்சு வலுத்துச்சு. 1991 அக்டோபர் ஓக்லண்ட் மலைத் தீயிலயும் அதே கதைதான்: இங்க அப்ப 3 இன்ச் வாய், உதவிக்கு வந்தவங்க ஹோஸ் ரெண்டரை இன்ச், நடுவுல போடுற அடாப்டர் பத்தல. அந்த தீயில 25 பேர் செத்தது இதனால மட்டுமே இல்ல, காத்தும் காஞ்ச மலையும் சேர்ந்தது, ஆனாலும் 87 வருஷம் கழிச்சும் அதே தப்பு. இது படிச்சதுலேர்ந்து வாய க்ளோஸப்ல எடுக்காம நான் நகர்றதில்ல.

சாமான் பத்தி: போன் போதும், ஆனா வைட் லென்ஸ்ல எடுக்காதீங்க, மண்டை வீங்கி அடி சூம்பிப்போன குழந்தை பொம்மை மாதிரி வரும். ரெண்டாவது வருஷம் பழைய கேமராவும் 35 எம்.எம். லென்ஸும் வாங்கினேன், அது சரியா இருக்கு. வெள்ளை ஹைட்ரன்ட்ட வெயில்ல எடுத்தா வெளுத்துப்போயி வார்ப்பு எழுத்தே தெரியாது, எக்ஸ்போஷர கொஞ்சம் கொறைங்க, இல்லன்னா மூடுபனி இருக்குற காலையில போங்க. பழசுல கிரீன்பர்க்னு வார்த்த கம்பெனி பேர் எழுத்து இருக்கான்னு தேடுங்க, அந்த தங்க ஹைட்ரன்ட்டும் அவங்க வார்த்ததுதான். சாய்வா வர்ற வெளிச்சத்துலதான் எழுத்து எழும்பும். தோட்டக்காரங்க முட்டிக்கு கட்டுற பேட் ஒண்ணு வாங்கிக்கங்க, இருக்குறதுலயே உருப்படியான செலவு அதான்.

குறைன்னு பாத்தா, வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா பாப்பாங்க, ரெண்டு பேர் வந்து கேட்டாங்க, படத்த காட்டினா சிரிச்சுட்டு போயிட்டாங்க, ஒருத்தர் மட்டும் அரை மணி நேரம் 1989 நிலநடுக்கத்துல சான் ஃபிரான்சிஸ்கோ மரீனா பக்கம் குழாய் உடைஞ்சதையும் ஃபீனிக்ஸ்ங்கற தீயணைப்பு படகு கடல் தண்ணிய இறைச்சு தீய அணைச்சதையும் சொன்னார், அன்னிக்கி படமே எடுக்கல. அப்புறம் ஒரு தடவ அவசரத்துல காரையே ஹைட்ரன்ட்டுக்கு எட்டடி தள்ளி விட்டுட்டு அதே ஹைட்ரன்ட்ட எடுத்துக்கிட்டு இருந்தேன், திரும்பி பாத்தா கண்ணாடில டிக்கெட். சட்டம் 15 அடி. அந்த ஹைட்ரன்ட் படம் ஷேக்கா வந்திருக்கு, ஆனா டெலிட் பண்ண மனசு வரல, அவ்வளவு காசு குடுத்து எடுத்தது.