டெபியன் வாசலில் நான்கு ஆண்டு: பொதி அனுப்பிவிட்டுக் காத்திருந்த அனுபவம்

2021-ல் என் முதல் பொதியை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு அனுப்பினேன். இதுவரை ஐந்து அனுப்பியாயிற்று. நான்கு, டெபியனின் மென்பொருள் களஞ்சியத்துக்குள் போய்விட்டன, ஐந்தாவது இன்னும் வரிசையில் நிற்கிறது. பொதி கட்டும் விதத்தைச் சொல்ல நல்ல வழிகாட்டிகள் உண்டு. கட்டி முடித்தபின் வருகிற நாட்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் காத்திருப்பு ஸ்பான்சருக்காக, அதாவது நமக்காகப் பொதியை ஏற்றித்தரும் டெவலப்பருக்காக. டெபியன் டெவலப்பர் (ஏற்றும் உரிமை உள்ள அதிகாரபூர்வ உறுப்பினர்) அல்லாத ஒருவர் புதுப் பொதியைத் தானே ஏற்ற முடியாது. இந்தப் பொதியைக் கட்டப்போகிறேன் என்ற அறிவிப்பை (ஐடிபி) வழுப் பட்டியலில் பதிந்து, ஸ்பான்சர் தேடுவோர் பொதியை வைக்கும் மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி, ஸ்பான்சர் வேண்டும் என்ற கோரிக்கையையும் (ஆர்எஃப்எஸ்) பதிந்துவிட்டு ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். பதில் வரவில்லை. அது ஒரு சிறிய பைத்தான் நூலகம். பிறகு டெபியன் பைத்தான் குழுவில் சேர்ந்து, டெபியனின் நிரல் தளமான சால்சாவில் குழுவின் கீழேயே நிரலை வைத்துக் கேட்டேன். நான்கே நாளில் ஒருவர் எடுத்துப் பார்த்தார். பொதுவில் கேட்பதைவிட, அந்த மொழியிலோ துறையிலோ ஏற்கெனவே வேலை செய்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பயன்பட்டது எதுவுமில்லை.

அடுத்தது நியூ (புதியவை) எனும் பரிசோதனை வரிசை. புதுப் பெயரில் வரும் எந்தப் பொதியையும் களஞ்சியத்துக்குள் புதியவற்றை அனுமதிக்கும் குழுவினர் கையால் திறந்து பார்க்கிறார்கள். தன்னார்வலர்கள்தான், அதுவும் சிறிய குழு. அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது உரிமங்களை. விநியோகிக்க அனுமதியில்லாத ஒரு கோப்பு உள்ளே போய்விட்டால், உலகெங்கும் இருக்கும் மிரர்கள் (நகல் சர்வர்கள்) அத்தனையும் அதைப் பரப்பத் தொடங்கிவிடும். அதனால் இந்த நிதானம் எனக்கு நியாயமாகவே படுகிறது. என் பொதிகளில் ஒன்று இரண்டே நாளில் தேறியது. இன்னொன்றுக்கு ஐந்து மாதம் ஆனது. இத்தனை நாள் என்று முன்கூட்டிக் கணக்குப் போட வழியில்லை.

இரண்டாவது பொதி திரும்பி வந்தது. ஆவணக் கோப்புறைக்குள் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று, மூல நிரல் இல்லாமல் கிடந்தது. பொதிகளைச் சோதிக்கும் லின்டியன் கருவி எச்சரித்திருந்தது, நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிராகரிப்பு மடல் நான்கு வரிதான், ஆனால் எந்தக் கோப்பு, என்ன குறை என்று தெளிவாக இருந்தது. அந்தக் கோப்பை நீக்கி, மூலத் தொகுப்பை மறுபடி கட்டி, பதிப்பெண்ணோடு டிஎஃப்எஸ்ஜி (டெபியனின் கட்டற்ற மென்பொருள் விதிகளுக்காக மாற்றியது என்ற குறி) என்று சேர்த்து அனுப்பினேன். அதன்பின் உரிமங்களைத் தேடித்தரும் லைசென்ஸ்செக் கருவியை ஓட்டாமல், ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் கண்ணால் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. உரிமங்களைப் பட்டியலிடும் காப்பிரைட் கோப்புக்கு இப்போது ஒரு முழு மாலை ஒதுக்குகிறேன். பொதி கட்ட அவ்வளவு நேரம் ஆவதில்லை.

ஏற்கப்பட்டது என்ற மடலோடும் வேலை முடிவதில்லை. நியூ வழியாகப் போகும்போது நம் கணினியில் கட்டிய பைனரியும் (ஓடத் தயாரான வடிவம்) சேர்ந்து போகிறது. அப்படிப் போனது, அடுத்த பதிப்பு உருவாகும் கிளையான டெஸ்டிங்குக்கு நகராது. மூலத்தை மட்டும் மறுபடி ஒருமுறை ஏற்ற வேண்டும். முதல் முறை இது தெரியாமல் பத்து நாள் வீணானது.

நான்காவது பொதியை 2025 மார்ச்சில் அனுப்பினேன். டெபியன் 13-க்கான மென் உறைவு (புதியவற்றை நிறுத்தும் கட்டம்) ஏப்ரல் 15-ல் தொடங்கியது. டெஸ்டிங்கில் இல்லாத பொதி அதன்பின் உள்ளே வர முடியாது. ஆகஸ்ட் 9-ல் வெளியான பதிப்பில் என் பொதி இல்லை. அடுத்த பதிப்புக்குச் சுமார் இரண்டு ஆண்டு ஆகும். அதற்காகக் காத்திருந்த இரண்டு ஆசிரியர்களுக்கு மடல் எழுதிச் சொன்ன அன்று மனம் வலித்தது. உறைவுக்கு ஆறு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

2023-ல் டெபியன் மெயின்டெய்னர் ஆனேன். உள்ளே போன பொதிகளின் புதுப்பிப்பை இப்போது நானே ஏற்றுகிறேன். ஆனால் புதுப் பொதிக்கு இன்றும் ஒரு டெவலப்பர் கை கொடுக்க வேண்டும்.

ஐந்தாவதுக்கு இன்று 71-வது நாள். இந்த நாட்களில் மென்டர்ஸில் மற்றவர்களின் பொதிகளைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறேன், அதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. நேற்றுப் பார்த்த ஒன்றில் ஓர் எழுத்துருவின் உரிமம் விட்டுப்போயிருக்கிறது. இன்றிரவு அவருக்கு எழுத வேண்டும்.